தகவல் முறைமைகளா, கணினி விஞ்ஞானமா? விருப்ப ஒழுங்கு நிரப்ப உதவி தேவை

மட்டுநகர்ப் பிள்ளை

எல்லோருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு. இந்த முறை கணிதப் பிரிவில் உயர்தரம் எடுத்தேன். பொறியியல் பீடத்துக்கு என் இசட் புள்ளி எட்டாது, அது நிச்சயம். பல்கலைக்கழக விண்ணப்பத்தில் விருப்ப ஒழுங்கு நிரப்ப வேண்டும். கணினி விஞ்ஞானத்தை முதலில் போடலாம் என்றுதான் இருந்தேன். பல்கலைக்கழக அனுமதிக் கைந்நூலைப் புரட்டியபோது யூசிஎஸ்சியில் (கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரி) தகவல் முறைமைகள் என்று தனியாக ஒரு பட்டம் இருப்பது தெரிந்தது. சபரகமுவவிலும் கணினியும் தகவல் முறைமைகளும் சேர்ந்த பட்டம் ஒன்று இருக்கிறது.

பாடத் தலைப்புகளைப் பார்த்தால் எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மாமா, "அது கணிதம் ஓடாத பிள்ளைகளுக்கான கணினிப் படிப்பு" என்கிறார். அப்பாவும் அதையே நம்புகிறார். படித்தவர்கள், வேலை செய்கிறவர்கள் யாராவது சொல்லுங்கள். இரண்டுக்கும் உண்மையில் என்ன வித்தியாசம்?

நிரலி

தங்கச்சி, யோசிக்காமல் கணினி விஞ்ஞானத்தை மேலே போடுங்கள். நான் கொழும்பில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் புதியவர்களைத் தெரிவு செய்யும் நேர்முகத்தில் இருக்கிறவன். பட்டத்தின் பெயரை நாங்கள் பெரிதாகப் பார்ப்பதில்லை. ஆனால் எல்லோருக்கும் ஒரே சோதனைதான்: தரவுக் கட்டமைப்பு, அல்கோரிதம் (ஒரு கணக்கைத் தீர்க்கும் படிமுறை), கொஞ்சம் இயங்குதளம், கொஞ்சம் வலையமைப்பு. தகவல் முறைமைகள் படித்து வருகிறவர்களில் பலர் இந்த இடத்தில் தடுமாறுகிறார்கள். முகாமைத்துவம், வணிகம் எல்லாம் வேலையில் சேர்ந்த பிறகு தானாக வரும். கணிதமும் அல்கோரிதமும் அப்படி வராது. இருபது வயதில் படிக்காததை முப்பதில் படிக்கிறது கஷ்டம்.

ஊர்க்குருவி

நிரலி சொன்ன சோதனை உண்மை. தானாக வரும் என்று சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நான் தகவல் முறைமைகள் படித்தவன். இப்போது ஈஆர்பி மென்பொருளை (ஒரு நிறுவனத்தின் கணக்கு, களஞ்சியம், சம்பளம் எல்லாவற்றையும் ஒன்றாக ஓட்டுவது) நிறுவனங்களுக்குப் பொருத்திக் கொடுக்கிற வேலை. பிள்ளை, உங்கள் கேள்விக்குச் சுருக்கமான பதில் இது: கணினியால் என்ன செய்ய முடியும், எவ்வளவு வேகமாகச் செய்ய முடியும் என்பதைக் கணினி விஞ்ஞானம் ஆராய்கிறது. ஒரு வங்கியோ வைத்தியசாலையோ அரசாங்கக் கச்சேரியோ தன் வேலையைச் செய்ய எந்தத் தகவல் யாரிடமிருந்து யாருக்கு, எப்போது, எந்த வடிவில் போக வேண்டும் என்பதை நாங்கள் படிக்கிறோம். இதில் இயந்திரம் பாதி. மற்றப் பாதி ஆட்களும் விதிகளும் பழக்கங்களும்.

இது நேற்று முளைத்த துறையும் இல்லை. வணிக வேலைக்கென்று முதன்முதலில் கணினி கட்டியவர்கள் பிரித்தானியாவின் லயன்ஸ் கம்பனிக்காரர்கள். தேநீர்ச்சாலைகள் நடத்தி, கேக்கும் பாணும் விற்றவர்கள். அவர்களுடைய லியோ கணினி 1951இல் வெதுப்பகக் கணக்கை ஓட்டத் தொடங்கியது. எனக்கு மிகவும் பிடித்தது அதற்குப் பிறகு, 1954இல், தேநீர்ச்சாலைகளின் தினசரிக் கொள்வனவுக்கு அவர்கள் செய்த ஒழுங்கு. ஒவ்வொரு கடைக்கும் நாளைக்கு என்ன தேவை என்று முழுப் பட்டியல் வாங்கினால் அதைக் கணினிக்குள் ஏற்றவே நாள் போய்விடும். அதனால் ஒவ்வொரு கடைக்கும் ஒரு நிலையான பட்டியலை வைத்துவிட்டு, கடைப் பொறுப்பாளர் பெண்மணியைத் தொலைபேசியில் கூப்பிட்டு மாற்றம் இருந்தால் மட்டும் கேட்டார்கள். அந்த மாற்றங்களை மட்டும் அட்டையில் துளையிட்டார்கள். நினைவகம் மிகக் குறைவான அந்த இயந்திரத்தில் இது நடந்ததற்குக் காரணம், டேவிட் கமினர் என்ற மனிதரும் அவருடைய குழுவும் கடை எப்படி ஓடுகிறது என்பதை முதலில் படித்ததுதான். கமினரை உலகின் முதல் முறைமைப் பகுப்பாய்வாளர்களில் ஒருவர் என்கிறார்கள்.

எந்த அல்கோரிதப் புத்தகத்திலும் இந்த யோசனை கிடைக்காது. பழக்கப்பட்ட கண்ணுக்குத்தான் தெரியும். அந்தக் கண்ணைப் பழக்குவதுதான் இந்தப் பட்டம்.

தேயிலைமலை

நான் ஹட்டன். இப்போது பெலிஹுல்ஓயாவில், சபரகமுவவில்தான் படிக்கிறேன். மாமா சொன்னதற்குப் பதில்: முதல் வருடத்திலேயே கணிதமும் புள்ளிவிபரவியலும் இருக்கின்றன. ஓட்டம் பிடிக்க இடமில்லை. நிரலாக்கம், தரவுத்தளம், வலையமைப்பு எல்லாம் முழுசாக உண்டு. அவற்றோடு முறைமைப் பகுப்பாய்வு, திட்ட முகாமைத்துவம் மாதிரியானவை சேரும்.

கணிதத்தை விடக் கஷ்டமான விஷயம் மொழி. தமிழ் மூலம் படித்து வருகிற நமக்கு விரிவுரை முழுக்க ஆங்கிலம், விடுதியிலும் கன்ரீனிலும் சிங்களம். தகவல் முறைமைகளில் அறிக்கை எழுதுவது கூட, மேடையில் நின்று விளக்குவது கூட. நிரலாக்கத்தில் பிழை என்றால் கணினி சொல்லிவிடும். அறிக்கையில் பிழை என்றால் விரிவுரையாளர் சிவப்புப் பேனையால் சொல்வார். வகுப்புத் தொடங்குவதற்கு முன் ஆங்கிலத்தில் பக்கம் பக்கமாக எழுதிப் பழகுங்கள். குளிருக்கு ஒரு நல்ல ஸ்வெற்றரும் வேண்டும், மட்டக்களப்பில் இருந்து வருகிறீர்கள்.

நிரலி

ஊர்க்குருவி, லியோ கதை அருமை. ஆனால் 1954இல் நினைவகம் இல்லை, அதனால் யோசித்தார்கள். இன்றைக்கு எல்லாவற்றையும் ஒரு சேவகனில் (சேர்வர்) கொட்டி வைக்கலாம். வணிகத் தரப்புக்குத் தேவையானதைச் சொல்ல ஒரு ஆள், கட்டுவதற்கு ஒரு பொறியியலாளர். நடுவில் ஒரு பட்டம் எதற்கு?

ஊர்க்குருவி

நம்முடைய அடையாள அட்டையையே எடுத்துக்கொள்வோம்.

பழைய அட்டையில் 9 இலக்கமும் ஒரு எழுத்தும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருடம். அடுத்த மூன்று அந்த வருடத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அதோடு 500 கூட்டுவார்கள். 1985 பெப்ரவரி 1ஆம் திகதி பிறந்த பெண்ணின் இலக்கம் 85532 என்று தொடங்கும். பிறகு தொடரிலக்கம், சரிபார்ப்பு இலக்கம், கடைசியில் வீ அல்லது எக்ஸ். 2000இல் பிறந்த பிள்ளைகள் அட்டை எடுக்கும் வயதுக்கு வந்ததும் வருடத்துக்கு இரண்டு இலக்கம் போதாமல் போனது. 2016இல் இருந்து 12 இலக்கம், எழுத்து இல்லை. அதே பெண்ணின் இலக்கம் புது முறையில் 1985532 என்று தொடங்கும்.

இப்போது ஒரு நிதி நிறுவனத்தை நினைத்துப் பாருங்கள். நான் பார்த்த நிறுவனம்தான், பெயர் வேண்டாம். அவர்களுடைய தரவுத்தளத்தில் அடையாள அட்டை இலக்கமே வாடிக்கையாளரின் முதன்மைச் சாவி (ஒவ்வொரு ஆளையும் தனித்து அடையாளம் காட்டும் இலக்கம்), அதுவும் 10 எழுத்துக்கு மட்டும் இடம். கடன், அடகு, சேமிப்பு, பிணையாளி என்று எல்லா அட்டவணையும் அந்தச் சாவியில் தொங்குகின்றன. புது இலக்கம் வந்ததும் நெடுவரிசையை 12க்கு அகலமாக்கினார்கள். ஒரு பொறியியலாளர் அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டார். சோதனையும் சித்தி.

சில மாதம் கழித்துத்தான் பிரச்சினை வெளியில் வந்தது. பழைய அட்டையோடு கடன் எடுத்த அம்மா, அட்டை தொலைந்து புது அட்டை எடுத்துக்கொண்டு வேறொரு கிளைக்குப் போகிறார். கணினிக்கு அவர் புது ஆள். முன்பு கட்டிய கடனின் நல்ல பெயர் அவருக்கு இல்லை. இன்னொருவருக்கோ பழைய கடன் நிலுவையில் இருக்கும்போதே இன்னொரு கடன் கிடைத்துவிடுகிறது. பழைய இலக்கத்தைப் புதியதாக மாற்ற விதி இருக்கிறது: முன்னால் 19 சேர்த்து, தொடரிலக்கத்துக்கு முன் ஒரு 0 போட்டு, எழுத்தை எடுத்துவிட வேண்டியதுதான். ஆனால் எந்தக் கிளையில் எந்த எழுதுவினைஞர் எந்த அட்டையைப் பார்த்துப் பதிகிறார், இரண்டும் ஒரே ஆள் என்று எந்தப் படிவத்தில் கேட்கப்படுகிறது என்பதை யாரும் பார்க்கவில்லை.

இதில் தவறு எங்கே? நிரலில் ஒரு வரி கூடப் பிழை இல்லை. அரசாங்கம் கொடுக்கிற இலக்கம் அரசாங்கத்தின் கையில் இருக்கிறது, அது நாளைக்கு மாறலாம், அதை நம்முடைய முதன்மைச் சாவியாக வைக்கக்கூடாது என்பது தரவு மாதிரியமைப்பில் முதல் பாடங்களில் ஒன்று. தரவை அட்டவணைகளாக வைக்கச் சொல்லி கொட் 1970இல் எழுதிய தொடர்புசார் மாதிரியும், எது எதோடு தொடர்பு என்று வரைந்து காட்ட பீட்டர் சென் 1976இல் கொடுத்த வரைபட முறையும் நாங்கள் வகுப்பில் மாதக்கணக்கில் போட்டுப் பார்க்கிறவை. நிரலி கேட்ட நடு ஆள் இதற்குத்தான்.

ஸ்கார்பரோ வாசி

அடையாள அட்டையை விடுங்கள், பெயரே பெரிய பாடு. நான் கனடாவில் ஒரு கல்விச் சபைக்காக மாணவர் பதிவு முறைமையில் வேலை செய்தேன். முதற்பெயர், குடும்பப் பெயர் என்று இரண்டு கட்டம், இரண்டும் கட்டாயம். நம்முடைய ஆட்களுக்குக் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது, அப்பாவின் பெயர்தான். அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒன்றாக இருக்கும், அப்பாவுக்கு வேறாக இருக்கும், அம்மாவுக்கு இன்னொன்று. ஒரு வீட்டில் நாலு பேருக்கு மூன்று "குடும்பப் பெயர்". ஒரே வீட்டு ஆட்கள் என்று முறைமைக்குத் தெரியாததால் பெற்றோருக்குப் போக வேண்டிய கடிதம் போகாமல் நின்றது. நீளமான பெயர்கள் நடுவில் வெட்டுப்பட்டன. இதைத் திருத்த வேண்டும் என்று கூட்டத்தில் சொல்ல, அந்தப் பெயர்களோடு வளர்ந்த ஒரு ஆள் தேவைப்பட்டது.

பிள்ளை, தமிழ் பேசுகிற முறைமைப் பகுப்பாய்வாளர்கள் இலங்கைக்கு நிறையத் தேவை. மூன்று மொழிப் படிவங்களை ஒழுங்காகச் செய்ய ஆள் இல்லாமல்தான் பல இடங்களில் திரையில் தமிழ் எழுத்துக்குப் பதிலாக வெறும் கட்டங்கள் தெரிகின்றன.

சுகாதாரத்தில் ஒருத்தி

நிரலிக்கு நானும் ஒன்று சொல்கிறேன். 2020 ஜனவரியில், நாட்டில் முதல் கொரோனா நோயாளி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே, விமான நிலையத்தில் வந்திறங்குகிறவர்களைப் பின்தொடர நம்முடைய சுகாதார அமைச்சு கணினி முறைமை ஒன்றைத் தயார்படுத்தத் தொடங்கிவிட்டது. ஏற்கெனவே இங்கே பாவனையில் இருந்த டிஎச்ஐஎஸ்2 என்ற திறந்த மூல மென்பொருளை எடுத்து, அதன் மேல் அந்தப் பகுதியைக் கட்டினார்கள். இலங்கையில் செய்ததை அடிப்படையாக வைத்துப் பிறகு பல நாடுகள் அதைப் பயன்படுத்தின.

அந்த டிஎச்ஐஎஸ்2 எங்கே வளர்ந்தது தெரியுமா? ஒஸ்லோ பல்கலைக்கழகத்தில் தகவல் முறைமைகள் ஆராய்கிற குழுவினரிடம். நிறவெறி ஆட்சி முடிந்த தென்னாபிரிக்காவில், சிதறிக் கிடந்த சுகாதாரப் பதிவுகளை ஒன்றாக்கப் போய்த்தான் அந்த முயற்சி தொடங்கியது. கிராமத்துச் சிகிச்சை நிலையத்தில் தாதி என்னத்தை எழுதுகிறார், ஏன் சில கட்டங்களை வெறுமையாக விடுகிறார் என்று பக்கத்தில் இருந்து பார்த்து வளர்த்த மென்பொருள் அது. அதனால்தான் அவசரத்தில் கை கொடுத்தது.

நான் கணினி படித்தவள் இல்லை. பதிவுகளோடு தினமும் மல்லுக்கட்டுகிறவள். எங்களிடம் வந்து உட்கார்ந்து கேட்கிற ஆளையும், கேட்காமல் கட்டுகிற ஆளையும் ஒரே கிழமையில் எங்களால் பிரித்துச் சொல்ல முடியும்.

வவுனியா_வணிகம்

நடுவில் வந்ததற்கு மன்னிக்கவும். நான் வணிகப் பிரிவு. எனக்கு இதில் இடம் உண்டா?

ஊர்க்குருவி

தம்பி, எந்தப் பட்டத்துக்கு எந்தப் பிரிவு, சாதாரண தரத்தில் என்ன சித்தி வேண்டும் என்பதெல்லாம் அந்தந்த வருடக் கைந்நூலில் இருக்கும். அதை மட்டும் நம்புங்கள், ரியூசன் வாசலில் கேட்பதை நம்ப வேண்டாம். திறமைக்கு 40 வீதம், மாவட்டத்துக்கு 55, பின்தங்கிய மாவட்டங்களுக்கு 5 என்று இடங்கள் பிரிவதால் வவுனியாவின் வெட்டுப்புள்ளி கொழும்பின் வெட்டுப்புள்ளி அல்ல. முந்தைய வருடங்களின் புள்ளிகளை உங்கள் மாவட்டத்துக்குப் பாருங்கள்.

இடம் கிடைக்காவிட்டாலும் யூசிஎஸ்சி 2000இல் இருந்து நடத்துகிற பிஐரி என்ற தகவல் தொழில்நுட்ப வெளிவாரிப் பட்டம் இருக்கிறது. ஊரில் இருந்தபடியே படிக்கலாம். முதல் வருடம் முடித்தால் டிஐரி என்ற டிப்ளோமா, இரண்டாவது முடித்தால் எச்டிஐரி என்ற உயர் டிப்ளோமா, மூன்றாவது முடித்தால் பட்டம். இடையில் நிறுத்தினாலும் கையில் ஒரு சான்றிதழ் இருக்கும். ஆனால் யாரும் பின்னால் நின்று தள்ள மாட்டார்கள். பரீட்சையும் இலேசானதில்லை. கணக்கீடு படித்த பிள்ளைகள் ஈஆர்பி பக்கம் வந்தால் நன்றாகப் பிரகாசிக்கிறார்கள் என்பது என் அனுபவம். வரவு செலவு இரட்டைப் பதிவு விளங்காமல் நிதி மென்பொருளைத் தொடுகிற பொறியியலாளர்களுக்கு நான் முதலில் அதைத்தான் படிப்பிக்கிறேன்.

இலண்டன் கடைக்காரர்

நான் பிரித்தானியாவில் கடை வைத்திருக்கிறேன். இங்கே கடையோடு சேர்த்து உப அஞ்சலகம் நடத்துகிறவர்களில் நம்முடைய ஆட்களும் இருக்கிறார்கள். அதனால் இந்த விஷயம் எனக்கு நெஞ்சில் நிற்கிறது.

1999இல் அஞ்சலகங்களுக்கு ஹொரைசன் என்ற கணினி முறைமை வந்தது. பின்னாளில் புஜிற்சுவாக மாறிய ஐசிஎல் செய்தது. மாலையில் கணக்கு முடித்தால் காசு குறைகிறது என்று திரை காட்டும். எடுத்தவர் யாரும் இல்லை. ஒப்பந்தப்படி குறைகிற காசை நடத்துகிறவர்தான் கட்ட வேண்டும். வீட்டை அடகு வைத்துக் கட்டினார்கள். உதவி இலக்கத்துக்கு எடுத்தால் "உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை" என்ற பதில். 2015 வரை 900க்கு மேற்பட்டவர்கள் திருட்டு, பொய்க்கணக்கு என்று குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிறை போனவர்கள் இருக்கிறார்கள், உயிரை மாய்த்தவர்களும் இருக்கிறார்கள். உப அஞ்சலகம் நடத்திய அலன் பேற்ஸ் தலைமையில் 555 பேர் அஞ்சலக நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டு 2019இல்தான் வென்றார்கள். தண்டனைகளை மொத்தமாக நீக்கும் சட்டம் 2024இல் வந்தது.

மென்பொருளில் பிழை வரும், அது எனக்கும் விளங்கும். ஆனால் பிழை வந்தால் யார் சொல்வதை நம்புவது, கடைக்காரர் தன் கணக்கைத் தானே தோண்டிப் பார்க்க வழி இருக்கிறதா, தூரத்தில் இருந்து வேறு யாராவது உள்ளே கை வைத்தால் அது பதிவாகிறதா, இதையெல்லாம் யார் யோசித்திருக்க வேண்டும்? வெளியில் இருந்து யாரும் உள்ளே போக முடியாது என்று அஞ்சலக நிறுவனத்தார் பல வருடம் சாதித்தார்கள். போக முடிந்தது. கணினி சரியாகத்தான் வேலை செய்திருக்கும் என்று சட்டமே எடுத்துக்கொண்டது. எந்தப் பட்டத்தில் இதைப் படிப்பிப்பார்களோ, அந்தப் பட்டத்தைப் படி மகளே.

நிரலி

ஐயா எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். தணிக்கைத் தடம் (யார், எப்போது, எதை மாற்றினார் என்ற பதிவு) எப்படி வைப்பது என்று என்னால் நிரல் எழுத முடியும். யாருக்காக வைப்பது என்று என்னிடம் பல்கலைக்கழகத்தில் யாரும் கேட்டதில்லை. இது உண்மை.

ஆனாலும் என் முதல் புத்திமதியைக் கைவிட மாட்டேன். தகவல் முறைமைகள் படிப்பதென்றால் அல்கோரிதத்தையும் சேர்த்துப் படியுங்கள். பாடத்திட்டத்தில் குறைவாக இருந்தால் சொந்தமாகப் படியுங்கள். வணிகம் மட்டும் கதைக்கத் தெரிந்த ஆளைப் பொறியியலாளர்கள் மதிக்க மாட்டார்கள். அவர்கள் மதிக்காவிட்டால் நீங்கள் சொல்லும் நல்ல விஷயமும் முறைமைக்குள் போகாது.

ஊர்க்குருவி

இதில் நானும் நிரலியும் ஒரே பக்கம். தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கிற எஸ்கியூஎல் மொழியை எழுதத் தெரியாத பகுப்பாய்வாளரை நானும் குழுவில் எடுக்க மாட்டேன்.

மட்டுநகர்ப் பிள்ளை

எல்லோருக்கும் நன்றி. அப்பாவுக்கு இலண்டன் ஐயா எழுதியதை வாசித்துக் காட்டினேன். நிறைய நேரம் ஒன்றும் சொல்லவில்லை, பிறகு "அப்ப அது சின்னப் படிப்பில்லை" என்றார்.

இன்னும் இரண்டு கேள்வி. செயற்கை நுண்ணறிவே இப்போது நிரல் எழுதுகிறதே, நான் படித்து முடிக்கும்போது வேலை இருக்குமா? அடுத்தது, பல்கலைக்கழகம் தொடங்கும் வரை நான் என்ன செய்யலாம்?

நிரலி

முதல் கேள்விக்கு நான் சொல்கிறேன். எங்கள் குழுவில் எல்லோரும் அதைப் பாவிக்கிறோம். தெளிவாகக் கேட்டால் நன்றாகத் தருகிறது. தெளிவில்லாமல் கேட்டாலும் தருகிறது, அதுதான் ஆபத்து. "வாடிக்கையாளர் அட்டவணை செய்" என்றால், அடையாள அட்டை இலக்கத்தை முதன்மைச் சாவியாக வைத்துத் தந்தாலும் தரும். அது ஏன் கூடாது என்று தெரிந்த ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆரம்பநிலை நிரலாளர் வேலைகள் இறுகத்தான் செய்யும், அதை மறைக்க மாட்டேன். என்ன கட்ட வேண்டும் என்று தீர்மானிக்கிற வேலை அவ்வளவு கெதியாகப் போகாது. இந்த ஒரு விஷயத்தில் உங்கள் தெரிவு என்னுடையதை விட நல்லதாக இருக்கலாம்.

ஊர்க்குருவி

இரண்டாவதற்கு: எஸ்கியூலைட் என்ற சின்னத் தரவுத்தள மென்பொருள் இலவசம், சாதாரண மடிக்கணினியில் ஓடும். இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் முதல் நாளே அதைத் திறக்க வேண்டாம்.

முதலில் உங்கள் ஊரில் கையெழுத்தில் பதிவு வைத்திருக்கிற ஒரு இடத்துக்குப் போங்கள். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கம், பாடசாலை நூலகம், கோயில் நிர்வாக சபை, மீனவர் சங்கம், எதுவும் பரவாயில்லை. பதிவுப் புத்தகம் வைத்திருப்பவரிடம் அனுமதி கேட்டு, பக்கத்தில் இருந்து பாருங்கள். அச்சடித்த கட்டங்களை விட, ஓரத்தில் பேனையால் கோடு போட்டு அவர்களாகவே சேர்த்திருக்கிற கட்டங்களைக் கவனியுங்கள். படிவம் செய்தவருக்குத் தெரியாத ஏதோ ஒன்று அங்கே தேவைப்பட்டிருக்கிறது. அது என்ன என்று கேளுங்கள். சிவப்பு மையில் எழுதியவை எவை, வெட்டித் திருத்தியவை எவை, ஒரே விபரம் எத்தனை புத்தகத்தில் திரும்பத் திரும்ப வருகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆட்களின் பெயர், கடன் விபரம் எதையும் வெளியில் கொண்டுவர வேண்டாம்.

பிறகு வீட்டுக்கு வந்து தாளில் அட்டவணைகளை வரையுங்கள். அதற்கப்புறம்தான் எஸ்கியூலைட்டில் போடுங்கள், கற்பனைத் தரவு நிரப்புங்கள், அவர்களுக்கு உண்மையில் தேவையான ஒரு கேள்விக்குப் பதில் எடுத்துப் பாருங்கள். வரைந்ததை இங்கே போட்டால் நானும் நிரலியும் பார்த்துச் சொல்வோம்.

மட்டுநகர்ப் பிள்ளை

விருப்ப ஒழுங்கு நிரப்பிவிட்டேன். யூசிஎஸ்சி தகவல் முறைமைகள் முதலாவது, அங்கேயே கணினி விஞ்ஞானம் இரண்டாவது, சபரகமுவ மூன்றாவது. பெரியம்மா கூட்டுறவுச் சங்கத்தில் எழுதுவினைஞர். திங்கட்கிழமை வரச் சொல்லியிருக்கிறார். உரக் கடன் பதிவுப் புத்தகத்தில் அவரே ஒட்டிச் சேர்த்த பக்கங்கள் நிறைய இருக்கிறதாம்.